வெட்டாத கண்

"நீங்க சொல்லிக் குடுத்தது பொய் மேடம்."

இன்னாசி ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலிலேயே சொல்லிவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள வாங்கண்ணே" என்றார் வடிவாம்பிகை.

"வரமாட்டேன். சொல்லிட்டுப் போயிடுறேன்."

சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி, ஓர் இறால் குஞ்சு பொரிப்பகம். அங்கே தாய் இறால்களைப் பார்த்துக்கொள்பவர் இன்னாசி. வடிவாம்பிகை அவரைவிட ரொம்ப இளையவர். இறால் இனப்பெருக்கத்தில் ஆராய்ச்சி செய்பவர். வயதில் மூத்த இன்னாசிதான் பாடம் கேட்க வந்தார். வெட்கப்படாமல் வந்தார்.

அவர் கேட்ட பாடம் இதுதான்: கண்ணை வெட்டாமல் தாய் இறாலை முட்டையிட வைப்பது எப்படி?

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் அடைத்த பெண் இறால் சுலபத்தில் சினை பிடிக்காது. சினையைத் தள்ளிப்போடும் சுரப்பு அதன் கண் காம்பில் இருக்கிறது. அதனால் ஒரு கண்ணைக் காம்போடு நறுக்கிவிடுவார்கள். சில நாளில் சினை பிடித்துவிடும்.

தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எல்லாரும் செய்வதால் யாருக்கும் கூசுவதில்லை. தட்டில் வந்து விழுகிற இறாலைத் தின்கிற நாமும் கேட்பதில்லை. கேட்டால் ருசி கெட்டுவிடும் அல்லவா?

வடிவாம்பிகைக்குக் கூசியது. வெட்டாமலே முடியும் என்று தன் தொட்டிகளில் செய்து காட்டினார். வெட்டாத தாயின் குஞ்சுகள் நோய் வந்தாலும் தாக்குப்பிடிப்பதைக் காட்டினார். பொரிப்பக முதலாளிகள் வந்து பார்த்தார்கள். கைதட்டினார்கள். அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போய் வழக்கம்போல வெட்டினார்கள்.

இன்னாசி மட்டும் வெட்டவில்லை.

இப்போது அவர் துணி சுற்றிய ஒரு கத்தரியை எடுத்து மேசைமேல் போட்டார். சட்டைப் பையில் டார்ச் இடித்தது. அதையும் எடுத்து வைத்தார்.

"உங்க பேச்சைக் கேட்டு இந்தக் கத்தரியைப் பரண்ல போட்டேன். இன்னைக்கு மறுபடி இறக்க வெச்சிட்டீங்க."

"என்னாச்சுண்ணே?"

"ஒண்ணும் ஆகல. அதான் ஆச்சு. ஒரு தாய்கூட சினை பிடிக்கல."

"முதலாளி என்ன சொல்றாரு?"

"நாளைக்குக் காலையில எல்லாத்துக்கும் வெட்டுங்கறாரு. நான் வெட்டலைன்னா வேற ஆளு வருவானாம். நான் வீட்டுக்குப் போகலாமாம்."

அழுகை வருகிறதே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது அவருக்கு.

"எத்தனை வருஷமா வெட்டியிருக்கேன் மேடம்! ஒரு நாள் கை நடுங்கினதில்ல. பேசிக்கிட்டே வெட்டுவேன். இப்ப முடியல. வெட்டாம விட்டுப் பழகிட்டேன். தூக்கினா அது ரெண்டு கண்ணாலயும் என்னைப் பாக்குது. வெட்டவும் முடியல, வெட்டாம இருக்கவும் முடியல. நீங்கதான் என்னைக் கெடுத்தீங்க."

வடிவாம்பிகை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தீனி என்ன போடறீங்க?"

"கணவாய். கடல்புழு. நான் சாப்பிடறதைவிட நல்ல சாப்பாடு."

"தண்ணி?"

"குடிக்கலாம்போல இருக்கு. உப்பு மட்டும் இல்லைன்னா நானே குடிப்பேன்."

"இருட்டு?"

"ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தார்ப்பாய் அடிச்சேன். உள்ள போனா என் கையே எனக்குத் தெரியாது."

"தொந்தரவு பண்ணாம விட்டீங்களா?"

இன்னாசிக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கலாமா?

"ஒருத்தரை உள்ள விடல மேடம். கூட்டிப் பெருக்க வர்றவங்களைக்கூட வராதீங்கன்னுட்டேன். நான் ஒருத்தன்தான். மணிக்கொரு தரம் போய், டார்ச் அடிச்சு, முதுகுல சினைக்கோடு தெரியுதான்னு ஒவ்வொண்ணாப் பாத்தேன். முதலாளி நம்பமாட்டாரு, அவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். பெத்த பிள்ளையைக்கூட நான் இப்படிப் பாத்ததில்ல. என்னைப் போய் கேக்கிறீங்களே!"

"வெட்டினப்பவும் இப்படித்தான் பாப்பீங்களா?"

"பின்ன? டார்ச் இல்லாம சினையைப் பாக்க முடியுமா? ஆனா வெட்டினது கதை வேற. அது டார்ச் அடிச்சாலும் போடும், மேளம் அடிச்சாலும் போடும். அதுக்கு வேற வழி ஏது?"

வடிவாம்பிகை மேசைமேல் இருந்த டார்ச்சைக் கையில் எடுத்தார்.

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

"நான் என்ன பேசறேன், நீங்க என்ன கேக்கிறீங்க!"

"காலையில இருந்து சாப்பிடல போலிருக்கே."

சாப்பிட்டிருக்கவில்லைதான். கோபத்தில் பஸ் ஏறி வந்தவருக்கு அது நினைவே இல்லை. இப்போது சொன்னதும் வயிறு இழுத்தது.

பின்பக்கம் சாமான் போடுகிற அறை. ஜன்னல் கிடையாது. ஒரு ஸ்டூலைப் போட்டு, சோறும் சங்கரா மீன் குழம்பும் வைத்தார் வடிவாம்பிகை. பிறகு விளக்கை அணைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"மேடம், லைட்டு..."

காலடிச் சத்தம் தள்ளிப் போனது.

சரி, கைக்கு வாய் தெரியாதா என்று இன்னாசி சோற்றைப் பிசைந்தார். குழம்பு நன்றாகத்தான் மணத்தது.

முதல் கவளம் வாயருகே போனது. கதவு திறந்தது. பளீரென்று முகத்தில் வெளிச்சம். அவருடைய டார்ச்தான்.

"சாப்பிட்டாச்சா?"

"இப்பதான் மேடம் கையே வெச்சேன்."

கதவு மூடிக்கொண்டது.

கண்ணுக்குள் இன்னும் மஞ்சள் வட்டம் மிதந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தார். போனதும் ஒரு வாய் வைத்தார். மென்றுகொண்டிருக்கும்போது மறுபடியும் கதவு, மறுபடியும் டார்ச். வெளிச்சம் தட்டில் விழுந்தது. தட்டிலிருந்து தொண்டைக்கு ஏறியது.

"இறங்குதா?"

"இறங்குது மேடம்" என்றார் மரியாதைக்கு.

இறங்கவில்லை. படித்தவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் சொல்வது என்று அவர் யோசித்தார். கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாத்தியிருந்தது. சரி, இனி வரமாட்டார் என்று மீனைப் பிட்டார். காலடிச் சத்தம் கேட்டது. பிட்ட மீனை அப்படியே வைத்தார்.

கதவு திறந்தது. இந்தத் தடவை ஒரு கையில் டார்ச், மறு கையில் செல்போன்.

"என்னண்ணே, அப்படியே இருக்கு? கொஞ்சம் இப்படித் திரும்புங்க. வாயைத் திறங்க. ஒரு வீடியோ எடுத்துக்கிறேன்."

இன்னாசி தட்டைத் தள்ளினார். குழம்பு ஸ்டூலில் வழிந்தது.

"என்ன மேடம் இது அநியாயம்! சோறு போட்டா மனுஷனை நிம்மதியா உக்காந்து சாப்பிட விடணும். மூஞ்சியில வெளிச்சத்தை அடிச்சு, இறங்குச்சா இறங்குச்சான்னு கேட்டா எவனுக்குங்க இறங்கும்? நீங்க எப்ப வருவீங்கன்னு பாக்கிறதா, நான் சாப்பிடறதா? இது எதுவும் உறைக்காம சாப்பிட்டுக்கிட்டே இருக்க, நான் என்ன கண்ணை வெட்டி விட்ட..."

வாய் திறந்தபடி நின்றது.

வடிவாம்பிகை டார்ச்சை அணைத்தார். சிந்திய குழம்பைத் துடைத்துவிட்டு, தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அதன்பிறகு வரவில்லை.

இன்னாசி இருட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எப்போது கை தட்டுக்குப் போனது என்று அவருக்கே தெரியாது. தட்டு காலியானபோதுதான் கவனித்தார்.

செல்போன் அதிர்ந்தது. முதலாளி.

"எங்கய்யா இருக்க? ஏதாவது சினை பிடிச்சிருக்கா?"

"தெரியாதுங்க."

"தெரியாதா? போய் டார்ச் அடிச்சுப் பாரு. வீடியோ அனுப்பு."

"அனுப்ப மாட்டேங்க. இனிமே சாயங்காலம் ஒரு தரம்தான் உள்ள போவேன். அதுவும் தீனி வைக்க மட்டும்தான்."

"என்ன, திமிரா? நீ பாக்கவே வேணாம்யா. காலையில கத்தரியோட வந்து நில்லு, அது போதும்."

முதலாளி இறாலை வீடியோவிலும் தட்டிலும்தான் பார்த்திருக்கிறார். இன்னாசிக்கு அது இப்போதுதான் உறைத்தது. கை காய்ந்துபோயிருந்தது. எழுந்து கதவைத் திறந்தார். மேசைமேல் கத்தரி துணி சுற்றியபடியே கிடந்தது.

"கத்தரி இங்க மேடம் மேசையில இருக்கு முதலாளி. வெட்டணும்னா நீங்களே வந்து எடுத்துட்டுப் போங்க. ஒவ்வொண்ணாக் கையில தூக்குங்க. அது ரெண்டு கண்ணாலயும் உங்களைப் பாக்கும். நீங்களும் பாருங்க. பாத்துட்டு வெட்டுங்க."