சார்ஜ் தீர்ந்த இடம்

அம்பலவாணர் தம் குருவைவிட ஒரு தலைமுறை மூத்தவர். ஊர் குருவைச் சின்னச்சாமி என்றே கூப்பிட்டது. மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று தெரியாமல் அம்பலவாணர் காலில் விழப்போன கதையும் உண்டு. அவர் தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். உத்தரவு போட்டே பழகிய கை. எதற்கும் தீர்ப்பு என்று ஒன்று இருந்தாக வேண்டும் அவருக்கு.

மனைவி மங்கையர்க்கரசியின் கருமாதி முடிந்த மறுவாரம் மடத்துக்கு வந்தார். முகம் சவரம் கண்டு பல நாள் ஆகியிருந்தது. உட்காரும் முன்பே கேட்டார்.

"சாமி, ஒரு வீட்டுல இருக்கிற எல்லா வண்டியும் கரண்ட் வண்டியா இருக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

சின்னச்சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"கூடாதுன்னு சொல்லுங்க. அப்படியே போய் என் மகன்கிட்ட சொல்றேன். உங்கம்மாவக் கொன்னது நீதான்டான்னு. அதுக்கப்புறம் அவன் என் வீட்டுல இருக்க வேண்டாம்."

குரு கீரையைக் கீழே வைத்தார்.

மகன் இளம்பரிதி ஒரே பிள்ளை. முதலில் தனக்கென்று ஒரு கரண்ட் கார் வாங்கினான். பிறகு அப்பாவின் பழைய பெட்ரோல் காரை விற்றுவிட்டு இன்னொன்றும் வாங்கினான். இனிமேல் பெட்ரோல் பங்க் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தான். அம்பலவாணருக்கும் பெருமைதான். சத்தமே இல்லாத வண்டி என்று அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அதை மட்டும் இப்போது சொல்லவில்லை.

"புயல் அடிச்சுது. கரண்ட் போச்சு. இதோ வருது, அதோ வருதுன்னாங்க. நாலு நாள் வரல."

"வண்டில சார்ஜ் இருந்திருக்குமே."

"ரெண்டுலயும் இருந்துது. வண்டிலேருந்து வயர் இழுத்து ஃப்ரிட்ஜ ஓட்டினான். ஒண்ணு தீந்ததும் இன்னொண்ணு."

"ஃப்ரிட்ஜுல என்ன இருந்துது?"

"அவளோட இன்சுலின்."

அம்பலவாணர் மேலே சொன்னார்.

"நாலாம் நாள் விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னா. போன்ல டவர் இல்ல. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும்னு வண்டியே காட்டுச்சு, நம்பிக் கெளம்பினோம். பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னுடுச்சு. பழைய வண்டி இருந்திருந்தா அவ இருந்திருப்பா. அத வித்தது யாரு?"

குரு சொன்னார்.

"அதே புயல்ல நம்ம மடத்து ஜீப்புல டீசல் முழுசா இருந்துது. சமையல் பாக்குற நமச்சிவாயத்தப் பாம்பு கடிச்சிருச்சு. ஏத்திக்கிட்டுக் கெளம்பினேன். தெருமுனைல புளியமரம் குறுக்க விழுந்து கெடந்துது."

அம்பலவாணருக்கு இது புதிது. தம் துக்கத்தில் அவர் மடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. நமச்சிவாயம் ஊருக்குப் போயிருப்பான், அதனால்தான் குரு கீரை உருவுகிறார் என்று நினைத்திருந்தார்.

"பொழைச்சானா?"

"இல்ல."

"ஐயோ."

"நானும் உங்கள மாதிரி ஆள் தேடினேன். தெருமுனைல மரம் வச்சவன் எவன்னு. விசாரிச்சா, வச்சது என் குரு பெரியசாமி."

"அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவு காலம் ஆச்சு. அவர என்ன பண்றது?"

"அவர் படத்தச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சேன். நமச்சிவாயம் திரும்பி வரல. மறுபடி நேரா வச்சுட்டேன்."

அம்பலவாணர் விடுவதாக இல்லை. "அப்போ கரண்ட் வண்டி தப்பில்லங்கிறீங்க."

"வீட்டுக்கு ஒண்ணு கரண்ட், ஒண்ணு பெட்ரோல்னு எந்த மெக்கானிக்கும் சொல்லுவான். அதக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? வண்டி நின்னப்புறம் என்ன ஆச்சு?"

"அவளத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினான். முழங்கால் தண்ணி. பாலத்துலேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினான். வாசல்ல எறக்கிப் பாத்தா, மூச்சு இல்ல."

"நீங்க?"

"பின்னாடி வந்தேன். என்னால ஓட முடியல."

"இப்ப எங்க இருக்கான்?"

"வெளில. அவன்தான் வண்டி ஓட்டிட்டு வந்தான்."

குரு ஜன்னல் வழியாகப் பார்த்தார். வேப்பமரத்தடியில் கார் நின்றது. இளம்பரிதி இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வர்ற வழில பேசினீங்களா?"

"பேசி எத்தனையோ நாளாச்சு. சாப்பிடறதும் இல்லன்னு மருமக சொல்லுது."

"துக்கத்துக்கு வந்தவங்க யார்கிட்ட துக்கம் கேட்டாங்க?"

"என்கிட்டதான்."

"அவன்கிட்ட?"

அம்பலவாணர் யோசித்தார். பந்தலுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவர் கார் கதையைத்தான் சொன்னார். கேட்டவர்கள் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார்கள். சிலர் உச்சுக் கொட்டினார்கள். பிறகு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். ஒருவர்கூட அவன் பக்கத்தில் போய் உட்காரவில்லை. உட்கார விடாமல் பண்ணியது தாம்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் தாசில்தார் தாசில்தார்தான். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தீர்ப்பு என்ன சாமி?"

சின்னச்சாமி எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"போய் உங்க மகன்கிட்ட துக்கம் கேளுங்க. அவனுக்கு அம்மா செத்துப்போயிட்டாங்க."