எடித் கிழித்த இலை

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. ஓக் மரத்தின் இலைக்கோ, மாவிலை மாதிரி மேடுபள்ளம் இல்லாத விளிம்பு இருந்தது.

இங்கிலாந்தில் ஓர் ஓடை. தென்கரையில் எடித் என்ற பண்ணைக்காரியின் ஓக் காடு. வடகரையில் ஹாமோ பிரபுவின் நிலம். இலையுதிர் காலம் வந்தால் போதும், ஹாமோவின் பன்றிகள் ஓடையைத் தாண்டி வந்து, எடித்தின் காட்டில் உதிர்ந்த ஓக் கொட்டைகளை ஒன்று விடாமல் தின்றுவிடும். கேட்டால், "காடே என்னுடையதுதான்" என்பான் பிரபு. அந்தக் கொட்டைகள் இல்லாவிட்டால் எடித்தின் பன்றிகள் பனிக்காலத்தைத் தாண்டாது. பன்றிகள் போனால் அவள் பிழைப்பும் போச்சு.

நாலு வருடம் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்த பிறகு, "காடு எடித்துக்கே" என்று தீர்ப்பானது. காட்டிலேயே மூத்த ஓக் மரம் தன் பெரிய இலை ஒன்றைக் கொடுத்தது. அதில் நீதிபதி ஒரே தீர்ப்பை மூன்று முறை எழுதினார். ஆளுக்கொரு துண்டு, மூன்றாவது மரத்தின் பொந்துக்கு. கத்தியால் நேராக நறுக்குவதுதான் வழக்கம். ஆனால் எடித்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கத்தி வரும்வரை எங்கே பொறுப்பது? இலையைப் பிடுங்கிக் கையாலேயே கிழித்துவிட்டாள், கோணல்மாணலாக.

"காட்டை ஜெயிச்சவங்களுக்கு ஒரு இலையைக் கிழிக்கத் தெரியலையே, அம்மணி" என்று ஹாமோ சிரித்தான். ஊரும் சிரித்தது. எடித்துக்கு வெட்கமாகிவிட்டது.

மூன்று வருடம் போனது. பழைய நீதிபதி கண்ணை மூடியதும் பன்றிகள் மறுபடி வந்தன. கூடவே ஹாமோவும் வந்தான், கையில் ஒரு துண்டு இலையோடு. "காடு ஹாமோவுக்கே" என்றிருந்தது அதில். எடித் பதறிப்போய்த் தன் துண்டை நீட்டினாள். புது நீதிபதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எது அசல் என்று அவருக்குத் தெரியவில்லை.

"என் பொந்துல கையை விடுங்க" என்றது ஓக் மரம்.

மூன்றாவது துண்டு இந்நேரம் மக்கியிருக்கும் என்று நம்பியிருந்த ஹாமோவுக்கு வியர்த்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளாவது நிற்கும்; இவன் புளுகு எட்டு நொடிகூட நிற்கவில்லை. நீதிபதி பொந்துத் துண்டை அவன் துண்டோடு சேர்த்தார். அவனுடையது கத்தியால் வெட்டிய நேர் விளிம்பு, பொருந்தவே இல்லை. எடித்தின் துண்டை வைத்தார். மேட்டுக்குப் பள்ளம், பள்ளத்துக்கு மேடு என்று கச்சிதமாக உட்கார்ந்தது.

"எனக்குக் கிழிக்கத் தெரியாததே நல்லதாப் போச்சு, பிரபு" என்றாள் எடித், சிரிப்பும் அழுகையுமாக.

ஓக் மரத்துக்குக் கிளை கொள்ளாத குஷி. "இனிமே நீங்க யாரும் சிரமப்பட வேண்டாம். நானே கிழிச்சுக் குடுக்கறேன்" என்றது.

அன்று முதல்தான் ஓக் இலைகள் விளிம்பு கோணியே துளிர்க்கின்றன. ஆயிரம் இலைகளை எடுத்து வைத்துப் பாருங்கள், ஒன்றின் கோணல் இன்னொன்றுக்கு வராது.