நூற்று நாற்பது பாக்குவெட்டிகள்

வைத்தியலிங்கத்துக்கு ஐம்பத்தாறு வயது. மின்சாமான் கடை வைத்திருந்தார். பழைய பாக்குவெட்டிகளைச் சேர்ப்பதில் பித்து. அவருடைய குரு சிவகலை அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரை மடத்தில் இருந்தார்.

ஒரு ஞாயிறு மாலை வைத்தியலிங்கம் மடத்துக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"அம்மா, வயிறு எரிகிறது."

"யாரால்?"

"பரஞ்சோதியால்."

பரஞ்சோதி பள்ளியில் ஓவிய ஆசிரியர். அவரும் மடத்துக்கு வருகிறவர். அவரும் பாக்குவெட்டி சேர்ப்பவர். வைத்தியலிங்கத்திடம் நூற்று நாற்பது இருந்தன. பரஞ்சோதியிடம் பதினொன்று.

"காலையில் பழைய சாமான் சந்தையில் கிளி மாதிரி செய்த ஒன்றை எடுத்துவிட்டார். பத்து மடங்கு விலை தருகிறேன் என்றேன். சிரிக்கிறார். பொறுக்க முடியவில்லை. நேராகப் பழம்பொருள் தரகனிடம் போய், வெள்ளிப் பூண் போட்ட குதிரைப் பாக்குவெட்டி ஒன்றை வாங்கிவிட்டேன்."

"எந்தப் பணத்தில்?"

"கூரைக்கு ஓடு மாற்ற வைத்திருந்தது. மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள்."

"குதிரை எப்படி?"

"அலமாரியில் வைத்தேன். அப்புறம் பார்க்கவில்லை."

அம்மை எழுந்தார். "இங்கேயே இருங்கள்."

பரஞ்சோதியின் வீடு அடுத்த தெருவில்தான். அரை மணியில் திரும்பி வந்தார். கையில் பித்தளைக் கிளி.

"கேட்டேன். கொடுத்தார்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

வைத்தியலிங்கம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடினார்.

மறு ஞாயிறு வந்தார். முகம் இன்னும் கறுத்திருந்தது.

"கிளி பத்திரமா?"

"இருக்கிறது, குதிரைக்குப் பக்கத்தில். இன்றைக்குச் சந்தையில் அந்த மனுஷனைப் பார்த்தேன் அம்மா. துருப்பிடித்த இரும்புப் பாக்குவெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு கடைக்காரியோடு அப்படிச் சிரிக்கிறார். கிளியைக் கொடுத்த வருத்தம் துளிகூட இல்லை."

"அந்த இரும்பையும் கேட்டு வாங்கித் தரட்டுமா?"

வைத்தியலிங்கம் 'ஆமாம்' என்று சொல்லப்போனார். பாதியில் கையை ஆட்டி மறுத்தார்.

"வேண்டாம். என் கைக்கு வந்தால் அது வெறும் துருவாகிவிடும்."

"அடுத்த வாரம் அவரோடு சந்தைக்குப் போங்கள். டீக்கு மட்டும் காசு எடுத்துக்கொள்ளுங்கள்."

போனார். கிளியையும் திருப்பிக் கொடுத்தார். புதன்கிழமை மடத்துக்கு வந்தார். விரலெல்லாம் எண்ணெய்க் கறை.

"கடைசிக் கடைவரை நடந்தோம் அம்மா. எதை எடுத்தாலும் அவர் முதலில் திறந்து மூடிச் சத்தம் கேட்கிறார். பிடியில் தேய்ந்த இடத்தைத் தடவிவிட்டு, 'இது இடதுகைக்காரர் வைத்திருந்தது' என்கிறார். நான் நூற்று நாற்பது வைத்திருக்கிறேன். ஒன்றின் சத்தம்கூடத் தெரியாது. வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எண்ணெய் போட்டேன். குதிரை மட்டும் திறக்கவே இல்லை."

"அப்புறம்?"

"தரகனிடமே தள்ளிவிட்டேன். குறைத்துத்தான் எடுத்துக்கொண்டான். பாதிக் கூரைக்கு ஓடு வரும். வீட்டில் சொன்னேன். 'எந்தப் பாதிக்கு?' என்று கேட்டாள். பதினேழு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு."

அம்மை சிரித்தார். "பொறாமை போயிற்றா?"

"இல்லை. கூடியிருக்கிறது." அவர் குரல் தாழ்ந்தது. "கிளி மேல் இல்லை. அவரிடம் இருக்கும் எதன் மேலும் இல்லை. அந்தச் சத்தத்தில் அவருக்கு என்னவோ கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அந்தக் காது மேல் பொறாமை. இதை எப்படி அம்மா விடுவது?"

"அதை எதற்கு விடுகிறீர்கள்?" என்றார் சிவகலை அம்மை. "வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்குக் கட்டுப்படியாகும்."