சுபேதார் மடித்த இலை

நல்லமுத்து மலையடிவாரத்து மடத்துக்கு வந்தபோது குரு கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் நல்லமுத்துவின் மகளுக்குக் கல்யாணம். ஆனால் அது கல்யாண வீட்டுக்காரர் முகமாக இல்லை.

விஷயம் சுபேதார் மாசிலாமணியைப் பற்றியது. போரில் தனியாளாக ஒரு காவல் முனையைக் காத்து, குடியரசுத் தலைவர் கையால் பதக்கம் வாங்கியவர். ஊர் திரும்பியதும் ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். மலைக்கிராமங்களில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அவருக்கு இதே வேலை. கல்யாணப் பெண் பிறந்ததே அந்த ஜீப்பில்தான்.

அவரிடம் ஒரே ஒரு குறை. எந்த விருந்தானாலும் சாப்பிட்டு முடித்ததும், சாவு வீட்டில் செய்கிற மாதிரி, இலையை எதிர்ப்பக்கமாக மடிப்பார். ஊர் பொறுத்துக்கொண்டது. பதக்கத்துக்கு மரியாதை கொடுத்துக் கொடுத்தே, ஏன் என்று ஒருவரும் கேட்காமல் விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத்தில் அதைப் பார்த்துவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் அப்படி மடித்தால் பெண்ணை அழைத்துக்கொள்ளாமலே ஊர் திரும்பிவிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“நாளைக்கு ஒரு பொழுது அவரை ஏதாச்சும் வேலை சொல்லி இங்கயே வச்சுக்குங்க சாமி. வராதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.”

சீடர் பொன்னம்பலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாற்பத்தைந்து வயதில் மடத்துக்கு வந்தவர். இது நல்ல யோசனை என்றார் அவர். மடத்துக் கூரையில் ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது, சுபேதாரை ஏணியில் ஏற்றிவிடலாம்.

“எனக்கு அவர் பக்கத்துல இலை போடுங்க,” என்றார் குரு.

மறுநாள் தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கியது. பொன்னம்பலம் பரிமாறப் போனார். மாப்பிள்ளையின் பெரியப்பா எதிர்வரிசையில் உட்கார்ந்து, பாயசத்தைவிட சுபேதாரின் கையைத்தான் அதிகம் கவனித்தார்.

மோர்ச்சோறும் முடிந்தது. சுபேதாரின் விரல்கள் இலையின் கீழ் விளிம்பைத் தொட்டன. குரு அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இது யாரோட சாவுச் சாப்பாடு, சுபேதார்?”

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். சுபேதார் தணிந்த குரலில் சொன்னார். பனிமலையில் அவரும் பிஷன் சிங் என்ற வடக்கத்திக்காரரும் ஒரே முனையில் இருந்தார்கள். அன்று வெளிக்காவலுக்குப் போக வேண்டியவர் சுபேதார். அவருக்குக் கடும் காய்ச்சல். பிஷன் சிங் தானே போனார். குண்டு விழுந்தது. பனி மூடிய உடல் கிடைக்கவே இல்லை. பிள்ளை திரும்பி வருவான் என்று சொல்லி, அவருடைய தாய் கடைசிவரை கருமாதி செய்யவிடவில்லை.

“அவனுக்குன்னு யாரும் ஒரு வாய் சாப்பிடலை சாமி. அதான் நான் சாப்பிடுற இலையெல்லாம் அவனுக்கு.”

“போறப்போ என்ன சொன்னார்?”

“அவன் ரொட்டியையும் என் தட்டுல வச்சுட்டு, சாப்பிட்டுத் தூங்குன்னான். அதைத் தின்னுதான் ரெண்டு நாள் தனியா நின்னேன். எனக்குப் பதக்கம் குடுத்தாங்க.”

பந்தியில் யாரும் எழுந்திருக்கவில்லை. நல்லமுத்து தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றார்.

“எதிர்ப்பக்கம் மடிக்கிறது, இப்படி ஒரு சோறு இனிமே வேண்டாம்னு சொல்லத்தானே,” என்றார் குரு. “பிஷன் சிங் போட்ட சோறா வேண்டாம்?”

சுபேதாருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு விளிம்பிலிருந்து விரல்களை எடுத்தார்.

“நல்லமுத்து, இன்னும் கொஞ்சம் சோறு போடப்பா.”

பொன்னம்பலம் சோற்று வாளியோடு ஓடிவந்தார். ஏணி ஞாபகம் வந்து அவருக்கு வெட்கமாக இருந்தது. சுபேதார் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். இலையைத் தன் பக்கமாக மடித்தார்.

“வயிறு நிறைஞ்சதுப்பா, பிஷன்,” என்றார்.