மூஞ்சிக்கு நேரே சாத்திய கதவு

உளவியல் துறையின் சிறிய ஆலோசனை அறையில் ஆக்னஸ் மிஸ் தனியாக இருந்தார். இசக்கி கோபத்தோடு உள்ளே வந்தாள்.

"அந்த அரசுக் கல்லூரிக்கு நான் போமாட்டேன் மிஸ்."

"உட்காரு. சாப்பிட்டியா?"

"அங்கயும் இதையேதான் கேட்டாங்க!"

மேற்படிப்புக்கு அவளுக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருந்தது. ஒன்று அரசுக் கல்லூரி. மற்றது தனியார் பல்கலைக்கழகம். இன்று மாலைக்குள் ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். வீட்டில் யோசனை கேட்க ஆளில்லை. உளவியல் என்று ஒரு படிப்பு இருப்பதே அவள் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியும். இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு வா என்று மிஸ்தான் அனுப்பியிருந்தார்.

"அங்க என்ன நடந்துச்சு?"

"எப்படி சிகிச்சை கொடுக்காங்கன்னு பாக்கணும்னு சொன்னேன். ஒரு மேடம், 'உள்ள ஆள் இருக்காங்க'ன்னு என் மூஞ்சிக்கு நேரே கதவைச் சாத்திட்டாங்க. வெளிய பெஞ்சுல கிடந்தேன். அந்த மேடம் வெளிய வந்ததும், உள்ள யாரு, என்ன பிரச்சினைன்னு கேட்டேன். 'சாப்பிட்டியாம்மா'ங்கிறாங்க. பஸ்ஸுல வந்த பிள்ளதானேன்னு இளக்காரம்!"

"இன்னொரு இடத்துல?"

"அங்க மனுசியா மதிச்சாங்க மிஸ். ஒரு பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் நடக்கிறது நமக்குத் தெரியும், நாம நிக்கிறது அவங்களுக்குத் தெரியாது. சேர வந்த எல்லாரையும் நிக்கவச்சுக் காட்டினாங்க. ஒரு அக்கா டாக்டர்கிட்ட பேசிக்கிட்டிருந்தாங்க."

"நீங்க பாக்கிறீங்கன்னு யாரும் அவங்ககிட்ட சொல்லலியா?"

"சொல்லல. அதான் அப்படி மனசு விட்டு அழுதாங்க."

"யாரு அவங்க?"

"நம்ம பக்கந்தான் மிஸ்."

இசக்கி பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். அந்தப் பெண்ணைக் கணவன் என்ன பாடு படுத்துகிறான் என்பதையும் சொன்னாள்.

ஆக்னஸ் மிஸ் எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தார். வராந்தாவில் துறைத்தலைவர் பால்துரை சாரும் முதலாம் ஆண்டு மாணவிகள் சிலரும் நின்றிருந்தார்கள்.

"பால்துரை சார், இங்க வாங்களேன். பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. நம்ம இசக்கி முதல் வருசம் இந்த நாற்காலியில உட்கார்ந்து என்கிட்ட ஒரு விசயம் சொன்னா..."

இசக்கி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"மிஸ்! அது உங்ககிட்ட மட்டும் சொன்னது!" அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மாவுக்கே தெரியாது. நீங்க இப்படிச் செய்யலாமா? உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

பால்துரை சார் வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன மிஸ்?"

"ஒண்ணுமில்ல சார். டீ வந்துடுச்சான்னு கேக்கத்தான்."

"துறைத்தலைவர்னு பேரு. டீக்குக் கூப்பிடுதாங்க," என்று முனகிக்கொண்டே அவர் திரும்பிப் போனார்.

மிஸ் கதவைச் சாத்தினார். நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். இசக்கி உட்காரவில்லை.

"இவ்வளவு கோபம் வருதே. அந்தக் கண்ணாடி முன்னால நிக்கும்போது இது எங்க போச்சு?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, இதைச் சொல்லு. அரசுக் கல்லூரியில, அந்தச் சாத்துன கதவுக்கு உள்ள இருந்தது யாரு?"

இசக்கி சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"தெரியாது மிஸ்."

"அந்தக் கல்லூரிக்கு இப்ப பஸ் இருக்கும். கிளம்பு."