வெள்ளிக்கிழமைப் புகை

சத்தியமங்கலத்தில் யாகூப் பாயின் ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை வந்துவிட்டது. அப்போதெல்லாம் பூ ஏற்றும் வண்டிகள் அங்கேதான் வரிசையாக நிற்கும்.

யாகூப்பிடம் தொழில் கற்றுக்கொண்ட நாச்சிமுத்து அவரைவிட மூத்தவர். மில் பஸ் ஓட்டியவர். மில்லை மூடியதும், தலை நரைத்த பிறகு ஸ்பேனர் பிடிக்க வந்தார். அவர் குருவை ‘பாய்’ என்பார். குரு சீடரை ‘அண்ணா’ என்பார். இதில் யார் யாருக்கு வாத்தியார் என்று டீக்கடையில் எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு.

நாச்சிமுத்துவைத் தூங்கவிடாமல் செய்தது சென்னியப்பனின் பழைய பிக்கப் வண்டிதான். மல்லிகை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகும்போது மேட்டில் இழுக்காமல் திணறும். மஞ்சள் விளக்கு எரியும். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சாரில் கோளாறு. நாச்சிமுத்து அதைத் துடைத்தார். பிறகு புதிதாகவே மாற்றினார். ஒயரைப் பார்த்தார், காற்றுக் குழாயில் ஓட்டை தேடினார், ஃபில்டரை மாற்றினார். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். மறுபடி விளக்கு எரியும்.

இன்னொரு தடவை நடுவழியில் பூ வாடினால் வண்டியை உடைக்கப் போட்டுவிடுவதாகச் சென்னியப்பன் சொல்லிவிட்டார். அவரும் அவர் மனைவி மாராத்தாளும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. மாராத்தாள் போய் வருஷம் திரும்பியிருந்தது. உடைக்கப் போடுவதைப் பற்றிச் சொல்லும்போது அவர் வண்டியைப் பார்க்கவில்லை.

“ஏனுங்க பாய், புது சென்சார் போட்டும் இந்தக் கோளாறு எங்கிருந்து வருது?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

யாகூப் சென்சாரைக் கழற்றி அவர் மூக்கருகே நீட்டினார். உள்ளே முடிபோன்ற கம்பியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. நாச்சிமுத்து மோந்து பார்த்தார்.

“என்னங்க பாய், தர்காவுக்குள்ள நிக்கற மாதிரி இருக்குது?”

“துடைச்சு மாட்டி வண்டியைக் குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை காலையில அவரு வீட்டுப் பக்கம் போயிட்டு வாங்கண்ணா.”

போனார். கிழக்கு வெளுக்கும் நேரம். பூ ஏற்றியாகிவிட்டது. சென்னியப்பன் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, பானெட்டைத் திறந்தார். தூபக்காலில் சாம்பிராணி போட்டு, இன்ஜினின் இண்டு இடுக்கெல்லாம் புகை காட்டினார். காற்றை உறிஞ்சும் வாயருகே வந்ததும் புகை வளைந்து உள்ளே போனது. அவர் உதடு முணுமுணுத்தது. வேலிக்கு வெளியே நின்ற நாச்சிமுத்துவுக்கு ‘மாராத்தா’ என்பது மட்டும் கேட்டது.

புதையல் கண்டவர்போல ஓடிவந்து, கண்டதையும் கேட்டதையும் யாகூப்பிடம் ஒப்பித்தார். எல்லாம் அந்தப் புகை செய்கிற வேலை, அதை விட்டொழிக்கச் சொல்லித் தானே பேசுவதாகச் சொன்னார். அவர் வரட்டும் என்றார் யாகூப்.

பூவை இறக்கிவிட்டுச் சென்னியப்பன் நேராக அங்கே வந்தார். வழியிலேயே விளக்கு எரிந்துவிட்டதாம். பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசிவிட்டாராம்.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். யாகூப் குறுக்கே வந்து, கழற்றிய சென்சாரைச் சென்னியப்பன் கையில் வைத்தார். அவரும் மோந்து பார்த்தார்.

“வீட்டுக்காரம்மா எப்படிங்க சாம்பிராணி போடுவாங்க?” என்று கேட்டார் யாகூப்.

சென்னியப்பனின் முகம் இளகியது. மாராத்தாள் தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு வருவதையும், கரியை ஊதி ஊதிக் கண் கலங்குவதையும், வண்டிக்கென்ன நெஞ்சுச் சளியா, இத்தனை புகை எதற்கு என்று தான் கிண்டல் செய்ததையும் சொல்லிக்கொண்டே போனார். போட்டு முடிக்கும்வரை சாவியைத் தரமாட்டாள், இடுப்பில் செருகிக்கொள்வாள் என்றார்.

சொன்னவர் சட்டென்று வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் நேரமாகுதுன்னு வண்டியை ஓடவிட்டுப் போடறனுங்க பாய்.” கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப, இனி நான் சாம்பிராணியே போடக் கூடாதுங்களா?”

“போடுங்க. போட்டு முடிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.”

துடைத்து மாட்டினார்கள். வண்டி மேட்டில் திணறாமல் ஏறிப் போனது. இரும்புக் கடைப் பேச்சைச் சென்னியப்பன் மறுபடி எடுக்கவில்லை.

நாச்சிமுத்துவுக்கு மனசு ஆறவில்லை. “அந்தப் புகைதான் அழுக்குன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாமே, பாய்?”

யாகூப் கைத்துணியை உதறிக் கொடியில் போட்டார்.

“அழுக்கு கம்பியிலதானுங்கண்ணா இருந்துச்சு.”