கேக்குமேல பூசின களிமண்ணு

ஏரிக்கரைக் காட்டுல மூக்காயின்னு ஒரு கரடி இருந்தா. அவ குட்டி தேனப்பனுக்கு அன்னிக்குப் பொறந்தநாளு. விடிஞ்சதுலேருந்து மூக்காயி தினைய இடிச்சா, வாழைப்பழத்தப் பெசஞ்சா, ஈச்சம்பழத்தக் கொட்டை எடுத்துப் போட்டா, தேன ஊத்தினா. அந்தத் தேனுக்காக மரமேறி மூக்குல ஏழு கொட்டு வாங்கினா பாருங்க, மூக்கு வீங்கி... சரி, அது கெடக்கட்டும். எல்லாத்தையும் பெரிய உருண்டையா உருட்டி, இதான் கேக்குன்னு வாழையெலயில வெச்சா.

வெச்சுப் பாத்ததும் அவ மனசு சுருங்கிப்போச்சு. உருண்டை கருப்பா, சொரசொரன்னு இருந்துச்சு!

போன வாரந்தான் நரி சவுந்தரம் வீட்டுல பொறந்தநாளு. ஊருக்குள்ள ஒரு பேக்கரிக்குப் பின்னாடி கெடந்த கிரீம் கேக்க இழுத்துட்டு வந்திருந்தா. வெள்ளைவெளேர்னு, மேல ரோசாப்பூ வேற! அதத் தின்னுட்டு முள்ளம்பன்னிக்குட்டி மூணு நாளு வயித்தப் புடிச்சிக்கிட்டு உருண்டுச்சு. பாவமேன்னு தூக்கப்போன கொரங்குக்குக் கையெல்லாம் முள்ளு! அது ஒரு தனிக் கத. ஆனாலும் குட்டிங்க வாயில இன்னும் அந்தக் கிரீம் பேச்சுதான்.

விருந்துக்குச் சவுந்தரம் முன்னாடியே வந்து எட்டிப் பாத்தா.

"என்னடி மூக்காயி, மாட்டுக்குத் தீவனமா?"

மூக்காயிக்கு மொகம் செத்துப்போச்சு. "இல்லக்கா... இன்னும் முடிக்கல. மேல கிரீம் பூசணும்!"

சொல்லியாச்சு. கிரீமுக்கு எங்க போவா? எல்லாருமாச் சேந்து தேனப்பனக் கேலி பண்ணிட்டா? ஏரிக்கு ஓடி வெள்ளைக் களிமண்ண அள்ளிட்டு வந்தா. வழவழன்னு பூசி, நகத்தால பூவும் கீறினா. 'கரையான் புத்த நோண்டறப்ப நாம திங்காத மண்ணா?'ன்னு தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கிட்டா.

குட்டிங்க வந்துச்சுங்க. "ஹை, கிரீமு!"

முயல்குட்டி மொதக் கடி கடிச்சுச்சு. "தூ! தூ! மண்ணு!"

எல்லாக் குட்டியும் துப்பிக்கிட்டே வாய் கொப்புளிக்க ஏரிக்கு ஓடுச்சுங்க. சவுந்தரம் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. "மண்ணு கேக்கு! பலே!"

தேனப்பன் மட்டும் போகல. மண்ண வழிச்சுப் போட்டு, உள்ளருந்து ஒரு விள்ளல் எடுத்துத் தின்னான்.

"அம்மா! உள்ள எவ்ளோ நல்லாருக்கு! இத ஏம்மா மண்ணுல மறைச்சே?"

"கேலி பண்ணுவாங்களோன்னுதாண்டா கண்ணு..."

தேனப்பன் கையில ஒட்டியிருந்த மண்ணப் பாத்தான். "நாளைக்கு என்னைக் கேலி பண்ணா, எனக்கும் மண்ணு பூசுவியாம்மா?"

மூக்காயிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. காதுமடல் வரைக்கும் சுட்டுச்சு. சவுந்தரம் சிரிச்சப்போகூட அவளுக்கு இவ்ளோ வெக்கமா இல்ல.

குட்டிங்க திரும்பி வந்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா: "தப்பு என்னோடது புள்ளைங்களா. தினையும் பழமுந்தான் செஞ்சேன். அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மண்ணப் பூசிட்டேன்."

மண்ணெல்லாம் வழிச்செடுத்துட்டு, உருண்டைய உடைச்சு எல்லாத்துக்கும் குடுத்தா. முள்ளம்பன்னிக்குட்டி மூணு தடவ வாங்கித் தின்னுச்சு. எலையே காலி! மூக்காயிக்குத்தான் ஒரு வாயும் எறங்கல. தேனப்பன் தன் பங்குலேருந்து ஊட்ட வந்தப்பவும் அவன் கண்ணப் பாக்க முடியல.

ஊரு கண்ணுக்குப் பயந்து நல்லத மூடி மறைக்கிறவங்க, தான் பெத்த புள்ளைக்கே வெக்கப்படக் கத்துக்குடுக்கறாங்க.